உட்கார்ந்திருப்போர் குழு

ஜூன் 9, திங்கள்

இந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோரும் கோழைகள். நான்கு மாடி முழுக்க, உடற்பயிற்சி செய்தால் தசையில் என்ன ஆகிறது, மூளையில் என்ன ஆகிறது என்று ஆராய்கிறார்கள். தன் தொடையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கை அளவு தசை கொடு என்றால் ஒருவரும் இல்லை.

மேசை மேசையாகப் போய்க் கேட்டேன். கணக்குப் பிரிவில் ஒருத்தி தன் கணவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். முறையைப் பழகிப் பார்க்க ஒரு துண்டாவது கொடு என்று கிஷோரிடமும் கேட்டேன். முனைவர் பட்டம் முடித்துவிட்டு எங்கள் ஆய்வகத்திலேயே இருப்பவன், எனக்கு சீனியர். தான் எப்படித் தூங்கினோம் என்பதைக்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டம் இருக்கு வினோ. தொடைல கைய வெக்காத. வேணும்னா மூளைல எடுத்துக்கோ."

"அதுல பருக்கை அளவு தேறாது" என்றேன்.

ஓடுபவர்கள் குழு தயார். உடற்கல்விக் கல்லூரியின் பயிற்சியாளர் விசில் அடித்து மாணவர்களை வரிசையில் நிறுத்தி அனுப்பிவிட்டார். 'சுயவிருப்பம்' என்ற கட்டத்துக்கு நேராக வரிசையிலேயே கையெழுத்துப் போட்டார்கள். இனி அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்கள் வேண்டும். என் வழிகாட்டி பேராசிரியர் சந்திரமௌலி அதற்கு 'உட்கார்ந்திருப்போர் குழு' என்று பெயர் வைத்திருக்கிறார். இந்தக் குழு அமையாவிட்டால் ஆகஸ்டில் என் முனைவர் பட்டத்துக்கான ஆய்வுச்சுருக்க அரங்கு நடக்காது. உதவித்தொகை ஏற்கெனவே நின்றுவிட்டது.

உன் தொடையையே கொடேன் என்று கிஷோர் கிண்டல் செய்தான். சோதிப்பவர் சோதனைக்கு உட்படக் கூடாது. விதி அப்படி. நான் எழுதிய விதி அல்ல.

ஜூன் 12, வியாழன்

ஒருவரும் வரவில்லை. குளிர்பெட்டியில் பனிக்கட்டி சுரண்டினேன்.

ஜூன் 16, திங்கள்

ஆள் கிடைத்துவிட்டது. கண் முன்னாலேயே இருந்திருக்கிறார்கள்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் துப்புரவுப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எல்லோரும் ஒப்பந்த ஊழியர்கள். எங்கள் மாடிக்கு வருபவர் பூங்காவனம் அக்கா. நாற்பது வயது இருக்கும். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் தரை துடைப்பதும் குப்பை அள்ளுவதும் அவர்தான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்கல்லாம் எக்சர்சைஸ் எதாவது பண்ணுவீங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ஏம்மா, எங்களப் பாத்தா எப்படிக் கீது? காலையில ஷூ மாட்டிக்கினு ஏரிக்கரையில ஓடுறவங்களாட்டம் கீதா?"

"வாக்கிங் போவீங்களா? யோகா?"

"டிவில போடுவான். பாப்பேன்."

"பாத்துக்கினே குறட்ட வுடுவா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஜிம்முக்கு?"

"சும்மாங்காட்டியும் இரும்பத் தூக்கித் தூக்கிக் கீழ வெப்பானுங்களே, அதுவா? போம்மா!"

எல்லோருடைய பதிலும் 'இல்லை'. ஒவ்வொருவருக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தேன். ஆறு பேர் சம்மதித்தார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் தருகிறோம்.

"தனசேகராண்ட சொல்லணுமா?" என்று பூங்காவனம் அக்கா கேட்டார். தனசேகர்தான் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர். சொன்னால் விடமாட்டார், நேரம் வீணாகிறது என்பார். சாப்பாட்டு நேரத்திலேயே முடித்துவிடலாம், அவரிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

"நீ சொன்னா சரி. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஆள் கிடைத்துவிட்டதைப் பேராசிரியரிடம் சொன்னேன். "வெரி குட்" என்றார். யார் என்று கேட்கவில்லை. கேட்கவே மாட்டார். மனிதர்கள் அவருக்குக் குழாயில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிவார்கள்.

ஜூன் 19, வியாழன்

தசையும் கொஞ்சம் ரத்தமும் எடுத்தாயிற்று. பக்கத்து எலும்பு மருத்துவமனையிலிருந்து டாக்டர் வந்தார். மரத்துப்போக ஊசி, சின்னதாக ஒரு கீறல், அதன் வழியாகத் தடித்த ஊசி. முதலில் படுத்தவர் பூங்காவனம் அக்கா.

"இன்னாம்மா இது, தேங்கா உரிக்கிற கம்பியாட்டம் கீது?"

"வலிக்காதுக்கா. பேசிட்டே இருங்க."

"என் வூட்டுக்காரு இதக் கேள்விப்பட்டா, 'வாய்ல எடுத்திருக்கலாமே, அங்கதான் தசை ஜாஸ்தி'ம்பாரு."

டாக்டர் சிரித்துவிட்டுக் கையை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். எடுத்த தசையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார் அக்கா. "இத்தினிக்காவா? இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" திரவ நைட்ரஜனில் போட்டதும் புகை எழும்பியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரெண்டு நாள் ஈரம் படக் கூடாது, கனமாக எதுவும் தூக்கக் கூடாது என்று சொன்னேன். எல்லோரிடமும் தெளிவாகச் சொன்னேன்.

"கனமா? நான் இன்னா மூட்ட தூக்குறவளா? தண்ணி கேனுதானே."

நானும் சிரித்தேன். நல்ல மனுஷி.

ஜூன் 25, புதன்

விடுதியில் மூன்றாம் நாளாக ரவா உப்புமா. தசையை அரைத்துப் புரதம் பிரிக்கும் வேலை. எது உப்புமா எது தசை என்று தெரியாத அளவுக்குத் தூக்கம்.

ஜூலை 1, செவ்வாய்

பூங்காவனம் அக்கா காலை இழுத்து இழுத்து நடக்கிறார். கட்டுத்துணி நனைந்து ஃபினாயில் வாசம் வருகிறது. முதலுதவிப் பெட்டியிலிருந்து புது பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தேன்.

"தனசேகரு கேட்டாரு. மழையில வழுக்கிட்டேன்னு சொல்லிக்கீறேன். நீ பயப்படாத."

நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

எலும்பு டாக்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்ய வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் முடிவு வந்தது. தப்பாக இருக்கிறது. தசைக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா ஓடுபவர்களிடம் நிறைய இருக்க வேண்டும், உட்கார்ந்திருப்போரிடம் குறைவாக இருக்க வேண்டும். படத்தில் பட்டை கறுக்கக் கறுக்க அது அதிகம் என்று அர்த்தம். எனக்கு இரண்டு குழுவிலும் பட்டைகள் ஒரே கறுப்பு. சிலவற்றில் உட்கார்ந்திருப்போரின் பட்டை இன்னும் கறுப்பு.

"குழாய மாத்தி வெச்சிருக்க" என்றார் பேராசிரியர், திரையைப் பார்க்காமலே. "மறுபடி ஓட்டு."

நான் மாற்றி வைக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி ஓட்டினேன். அதே கறுப்பு.

பூங்காவனம் அக்கா வரவில்லை. காயம் சீழ் பிடித்து அரசு மருத்துவமனையில் கீறி எடுத்தார்களாம். வேறு ஒரு பெண் வந்து தரை துடைத்துவிட்டுப் போனாள். டாக்டருக்கு மறுபடி போன் செய்ய மறந்திருந்தேன். இந்த வாரம் முழுக்க இந்தப் பட்டைகள்தான்.

ஜூலை 15, செவ்வாய்

பேராசிரியர் மைசூர்பாகு வாங்கிவந்தார். ஐந்து வருடத்தில் முதல் முறை.

மூன்றாவது தடவையும் அதே முடிவு வந்ததும் அவர் உட்கார்ந்து என் படங்களைக் கடைசிவரை பார்த்தார். "வினோதினி, இது பெரிசு. இவங்க ஓடல, நடக்கல, உட்கார்ந்தே இருக்காங்க. தசை மட்டும் ஓட்டக்காரன் தசை. பிறவியிலேயே ஏதோ ஒரு மரபணு இவங்களைப் பயிற்சி பண்ண வெக்குது, பயிற்சியே இல்லாம." உடற்பயிற்சி செய்பவர்களிடம் கூடும் நரம்பு வளர்ச்சிப் புரதமும் இவர்கள் ரத்தத்தில் அதிகம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அதை மாத்திரையா போட்டுட்டா நான் ஓட வேண்டாம் சார்" என்றான் கிஷோர்.

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பூங்காவனம் அக்கா வந்திருந்தார். படிக்கட்டின் அடியில் நின்றார். மேலே வரவில்லை.

"தனசேகரு வேல இல்லன்ட்டாம்மா."

"ஏன்க்கா?"

"கேனு தூக்கிக்கினு ஒரு மாடி ஏறிக் காட்டுன்னான். பாதியில காலு மடங்கிக்கிச்சு. 'ஏற முடியாதவளுக்கு இங்க இன்னா வேல'ன்ட்டான். வேற ஆளு போட்டுட்டான்." தொடையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இந்தக் கட்டடத்துக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது இதுதான் முதல் முறை. "சின்னவ பன்னெண்டாவது படிக்கிறா. இந்த வேல போச்சுன்னா அவளத் துணிக்கடைக்கு அனுப்பிடுவாரு எங்க வூட்டுக்காரு. யாரனா ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னா போதும்மா. காலு ஒரு மாசத்துல சரியாப் பூடும்."

பேராசிரியரிடம் சொல்கிறேன் என்றேன்.

ஒப்பந்த முறையை ஒழிக்காமல் இந்த நாட்டில் ஒன்றும் மாறாது.

ஜூலை 22, செவ்வாய்

லிஃப்ட் பழுது. நிதி தரும் குழுவினர் பார்வையிட வருகிறார்கள், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புதிதாகப் போட்ட பெண் இரண்டே நாளில் நின்றுவிட்டாளாம். "யாராவது ஒரு கேன் கொண்டுவாங்கப்பா" என்று பேராசிரியர் அறையிலிருந்து கத்தினார். கிஷோருக்கு முட்டி வலி. நான் போனேன்.

கேனைத் தோளில் ஏற்றவே முடியவில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். முதல் மாடியில் மூச்சு. இரண்டாவது மாடியில் தொடை தானாக நடுங்க ஆரம்பித்தது. நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை. கேனை இறக்கிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே லிஃப்ட் கதவு. அதில் ஒட்டியிருக்கும் காகிதத்தை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இன்றுதான் வாசித்தேன். 'ஒப்பந்தப் பணியாளர்கள் படிக்கட்டை மட்டுமே பயன்படுத்தவும்.'

தண்ணீர் கேன், துடைக்கும் வாளி, கண்ணாடிக் கழிவுப் பெட்டி, எல்லாம் இந்தப் படி வழியாகத்தான். தினமும், எல்லா மாடிக்கும். உடற்கல்விக் கல்லூரிப் பையன்கள் காலையிலும் மாலையிலும்தான் ஓடுகிறார்கள். நடுவில் வகுப்பில் தூங்குகிறார்கள்.

மரபணுவாம். அந்த மரபணு லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்கிறது.

பாதித் தண்ணீரைப் படியோரத் தொட்டியில் ஊற்றிவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

ஜூலை 23, புதன்

கிஷோரிடம் சொன்னேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு கேட்டான்: "எக்சர்சைஸ் பண்றீங்களான்னு கேட்டியா, என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டியா?"

"கேள்வித்தாள்ல அப்படித்தான் இருக்கு."

"கேள்வித்தாள் வெளியாட்களுக்கு எழுதினது வினோ. உனக்குத்தான் அவங்கள தினமும் தெரியுமே."

அவன் தொடையைக் கேட்டபோது ஓட்டம் இருக்கிறது என்றவன். அந்த லிஃப்ட் காகிதத்தை யார் ஒட்டச் சொன்னது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வாளித் தண்ணீர் சிந்தி ஒரு வெளிநாட்டு விருந்தாளி வழுக்கப் பார்த்தாராம். எங்கள் ஆய்வகம்தான் புகார் கொடுத்ததாம்.

ஜூலை 24, வியாழன்

பேராசிரியரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"சார், உட்கார்ந்திருப்போர் குழுவுல யாருமே உட்காரல. நாள் பூரா சுமை தூக்கிட்டுப் படி ஏறுறாங்க."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அவரும் தூங்குவதில்லை போலிருக்கிறது.

"கேள்வி என்ன? உடற்பயிற்சி செய்றீங்களா. பதில்? இல்லை. வரையறைப்படி சரி."

"அது வேலை சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். வேலை வேற, உடற்பயிற்சி வேற. உலகம் பூரா பல ஆய்வுல அப்படித்தான் பிரிக்கிறாங்க."

"தசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார்."

சிரித்தார். "நல்லா இருக்கு. ஆய்வின் வரம்புகள்னு ஒரு பத்தி வரும்ல, அதுல ஒரு வரி போட்டுக்கோ."

பூங்காவனம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். நம் ஊசி போட்ட காயம், அதனால் வேலை போய்விட்டது, நீங்கள் நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தால் போதும் என்றேன்.

"பண்ணலாம்." போனைக்கூட எடுத்துவிட்டார். "அவங்க முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? நெறிமுறைக் குழு வெளியாட்களுக்குத்தான் அனுமதி கொடுத்தது, நம்ம கட்டடத்துல வேலை செய்றவங்களை எப்படி எடுத்தீங்கன்னு. அதுவும் மேற்பார்வையாளருக்குத் தெரியாம. இவங்களைக் கூப்பிட்டது யாரு? கையெழுத்து யாருது?"

மேசையில் கிடந்த பேனாவின் மூடியைத் திருகினேன்.

"குழு மொத்தமும் போயிடும். உன் அஞ்சு வருஷமும் போயிடும். எனக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை போகும், அவ்வளவுதான். நான் உனக்காகத்தான்மா யோசிக்கிறேன். நீ சொல்லு, பண்ணட்டுமா?"

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பழியை மாணவியின் தலையில் கட்டுவதில் இவரைப் போல் கைதேர்ந்தவர் யாரும் இல்லை.

அப்புறம் பேசலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

தனசேகரை வாகனம் நிறுத்துமிடத்தில் பார்த்தேன். நானாகப் போய்ப் பார்க்கவில்லை, எதிரே வந்தார்.

"பூங்காவனத்த நிறுத்திட்டீங்களாமே?"

"எனக்கு மட்டும் ஆசையா மேடம்? நல்ல வேலைக்காரி. காலு எப்படி ஆச்சுன்னு கேட்டேன், மழையில வழுக்கிட்டேன்னா. எங்கயோ வுழுந்ததுக்கு நான் இன்னா பண்றது? இங்க நடந்ததுன்னா வேற. வைத்தியமும் பாத்து, லேசான வேலையும் குடுத்தே ஆகணும், ரூல் கீது. யாரனா வந்து சொல்லட்டும், நாளைக்கே எடுத்துக்கறேன்."

"சார் உங்ககிட்ட பேசுவார்" என்றேன்.

"எந்த சாரு?"

வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. நகர்ந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பூங்காவனம் அக்கா இரண்டு முறை போன் செய்திருக்கிறார். மையவிலக்கி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மக்கள் தொடர்புப் பிரிவு பத்திரிகைச் செய்திக்கு ஒரு வரி எழுதி அனுப்பி, சரியா என்று கேட்டிருக்கிறது: 'வியர்வை சிந்தாமலே வலுவான தசை: தமிழ்ப் பெண்களிடம் புதிய மரபணுத் தடயம்.'

வியர்வை சிந்தாமலே. அவர்கள் அலுவலகம் மூன்றாவது மாடி. அவர்கள் குடிக்கும் தண்ணீரும் படி வழியாகத்தான் போகிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. 'மரபணுத் தடயம்' என்பதற்குப் பிறகு ஒரு கேள்விக்குறி போடச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.

துணி துவைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகும்போது நடுவில் நிற்கவேண்டி வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒத்திகை. பங்கேற்றவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு படம் சேர்த்திருந்தேன். படிக்கட்டு, தண்ணீர் கேன், லிஃப்ட் காகிதம் எல்லாம் அதில் இருந்தன. கிஷோர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தாண்டுகிறது என்றான். எதையாவது எடுத்தாக வேண்டும். அதை எடுத்தேன். வரம்புகள் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. கூர்ந்து படிப்பவர்களுக்குப் புரியும்.

பட்டம் வந்த பிறகு இதையெல்லாம் தனிக் கட்டுரையாக எழுதுவேன். அப்போது யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முடிந்தது. அரங்கில் எல்லோரும் கைதட்டினார்கள். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் மட்டும் கேட்டார்: "உட்கார்ந்திருப்போரை எங்கேருந்து எடுத்தீங்க?" உள்ளூர் மக்கள் என்றேன். தலையாட்டினார். பேராசிரியர் சந்திரமௌலி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தப்பிச்சோம்" என்று கிஷோர் காதில் சொன்னான். என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று கேட்கவில்லை.

சமோசாத் தட்டோடு நாலாவது மாடிக்கு வந்து போனை ஆன் செய்தேன். பூங்காவனம் அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. கேட்டேன். மறுபடி கேட்டேன். இந்த மேசையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட் தெரியும். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் சொன்னது அப்படியே:

"வினோதினிம்மா, நான்தான் பூங்காவனம். கேட்டாண்ட நிக்கிறேன். செக்யூரிட்டி உள்ள வுட மாட்டேங்கிறாரு. தனசேகரும் இங்கதான் கீறாரு. ஊசி போட்ட காயம்னு இப்பதான் சொன்னேன், நம்ப மாட்டேங்கிறாரு. அன்னிக்கே ஏன் சொல்லலன்றாரு. நீ சொல்லாதன்ன, நான் சொல்லல. வேல போனப்பகூட சொல்லலம்மா. அந்தப் பெரிய சாரு யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. என்னக் கூப்ட்டது நீ. எறங்கி வந்து இவராண்ட நீயே சொல்லு. இவரு கெளம்புறதுக்குள்ள வா. லிஃப்ட்டுலயே வந்துடும்மா, சீக்கிரம் வந்துடலாம்."